கால்படித் தவிட்டுக்கு ஒரு பிள்ளை

கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டுத் திரும்பினேன். தவிட்டுக் குவியலின் மேல் ஒரு பிள்ளை கிடந்தது.

வெயில் அப்போதுதான் பெங்களூர் ரோட்டுப் புளியமரங்களுக்கு மேலே ஏறியிருந்தது. மில்லிலிருந்து வந்த புதுத் தவிடு. கையை விட்டால் உள்ளே இன்னும் சூடு இருக்கும். அதன் மேல் கிழிந்த சேலைத் துண்டில் சுற்றின பிள்ளை. கன்னத்தில் தவிடு ஒட்டியிருந்தது. ஈ மொய்த்தது. அழவில்லை. அழுவதற்கு அதனிடம் தெம்பில்லை.

வாசலில் கன்னியம்மா நின்றாள். வேலப்பன்சாவடிக்குப் பின்னால் இருந்த செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். இருபத்திரண்டு வயதிருக்கும். முழங்கால் வரைக்கும் செம்மண்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"உம்புள்ள, மொதலாளி."

"எம்புள்ளையா?"

"நீதான வாங்கின? சூளையே பாத்துகினு இருந்துச்சி. காப்படி தவுட்ட அளந்து போட்டு வாங்கினியே. அதுக்கு ஒடம்பு சொகமில்ல. நீ பாத்துக்க."

"அதுக்கின்னு இங்க கொணாந்து போட்டா?"

"என் ஊட்ல வெச்சா இதுவும் பூடும். மூணு போச்சி. இது உன்னுது. உன் ஊட்ல கெடக்கட்டும்."

அவ்வளவுதான். புளியமர நிழலில் இறங்கி நடந்துவிட்டாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பிள்ளையைத் தூக்கினேன். மூன்று வீசை, இப்போதைய கணக்கில் நாலு கிலோ சொச்சம். தராசில் போடாமலே சொல்வேன், என் கை அப்படிப்பட்ட கை. பத்து மாதப் பிள்ளை மூன்று வீசை இருந்தால் அது நிலைக்காது என்பதும் எனக்கு அப்போது தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பகுதி.

ஒரு வாசகரின் சந்தேகம்

முன்பு ஒரு வாரம், பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காக நான் ஒரு காரியம் நடத்தினேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "தவிடு விற்றவருக்கும் குழந்தை வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் அளந்து பேசவும்" என்று கார்டு போட்டிருக்கிறார்.

அளப்பதே என் தொழில், ஐயா. அளக்காமல் எதையும் பேசமாட்டேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி. பூந்தமல்லி மில்லில் மூட்டை தூக்கப் போனபோது என் அரையில் இருந்தது ஒரு கோவணமும் ஒரு துண்டும். மில்லில் நெல் அரைபடும்போது தரையில் சிந்துகிற தவிட்டைக் கூட்டி அள்ளிக்கொள்ள மில்காரர் விட்டார். மற்றவர்கள் அதைக் குப்பை என்றார்கள். நான் சலித்தேன். குருணை தனி, நொய் தனி, தவிடு தனி, உமி தனி. அந்தக் கூட்டின தவிட்டிலிருந்து குமணன்சாவடி முக்கில் கடை போட்டேன். பத்து வருஷத்தில் அந்தச் சுற்று வட்டாரத்தில் மாடு வைத்திருந்த எவரும் என் கடையில் கால் வைக்காமல் இருந்ததில்லை. பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "தவுட்டுக்காரர் ஊடு" என்று கேட்டால் மாடே வழிகாட்டும்.

இதற்கெல்லாம் காரணம் என் தராசு. தவிட்டு வியாபாரத்தில் இருக்கிற திருட்டு நகை வியாபாரத்தில்கூட இல்லை. தட்டுக்கடியில் மெழுகு ஒட்டுவான் ஒருத்தன். தவிட்டில் தண்ணீர் தெளிப்பான் இன்னொருத்தன். மூட்டையைத் தட்டிக் கொடுக்கிற சாக்கில் கட்டைவிரலைத் தட்டின் ஓரத்தில் அழுத்திப் பிடிப்பான் வேறொருத்தன். அந்த விரல் வித்தை கண்ணுக்கே தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். ஒன்றையும் செய்ததில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லி வைக்கிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

நர்ஸம்மா கேட்ட இரவல்

உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப் புகையில் ஓடிக்கொண்டிருந்தன. மேட்டில் திணறி நின்றால் இறங்கித் தள்ள வேண்டும். அப்படி ஒரு பஸ்ஸிலிருந்துதான் எஸ்தர் நர்ஸம்மா வந்து இறங்கினார். தெற்கத்திக்காரர். வெள்ளைச் சேலை, கருப்புக் குடை, வாயைத் திறந்தால் அதட்டல்.

சூளைக் குடிசைகளில் பிள்ளைகள் நிறையச் சாகின்றன, போய்ப் பாருங்கள் என்று அவரை அனுப்பியிருந்தார்கள். அவர் கையில் ஆணி மாதிரிக் கொக்கி வைத்த இங்கிலீஷ் தராசு ஒன்று இருந்தது. பிள்ளையைத் துணியில் தூளி மாதிரிக் கட்டி அதில் மாட்ட வேண்டும். முள் நகரும்.

முள் நகரவே இல்லை. பிள்ளை கிடைத்தால்தானே? அவர் குடை சூளை மேட்டில் தெரிந்ததும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கல் அடுக்குகளுக்குப் பின்னால் போய்விடுவார்கள். இப்படியே மூன்று மாதம். ஒருநாள் குடிசை வாசலில் வைத்திருந்த தராசையே யாரோ எடுத்துக் களிமண் குட்டையில் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அவர் என் கடைக்கு வந்தார். சேலை முழுக்கச் சேறு.

"தவிட்டுக்காரரே, உம்ம தராசை ஒருநாள் இரவல் தாரும்."

"எத நிறுக்க?"

"பிள்ளைகளை."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பிள்ளை இளைக்கிறது பெத்தவ கண்ணுக்குத் தெரியாதுய்யா. தினம் பார்க்கிற கண்ணுல்லா. அது தெரியவரும்போது காலம் கடந்துபோயிருக்கும். தராசுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். எடை இறங்கினா பால், கஞ்சி, மீனெண்ணெய், ஏதாவது ஊத்திக் காப்பாத்திரலாம். எனக்கு எடை வேணும். அவ்வளவுதான்."

தராசுக்கு முன்னாடியே தெரியும் என்ற பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. என் தராசை இரவல் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "தராசு போற எடத்துக்கு நானும் வருவேன்" என்றேன். ஒற்றைமாட்டு வண்டியில் தராசையும் இரண்டு மூட்டைத் தவிட்டையும் ஏற்றினேன். போகிற வழியில் வியாபாரமும் ஆகட்டுமே. தவிட்டு மூட்டை மேல் நர்ஸம்மா குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

"எம்புள்ள இன்னா, புளியா?"

சூளை வாசல் வேப்பமரத்துக் கிளையில் தராசைத் தொங்கவிட்டேன். பெண்கள் தூரத்தில் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி கத்தினாள்:

"எம்புள்ள இன்னா, புளியா? நிறுத்து வாங்கிகினு போறதுக்கு?"

"நிறுத்து இன்னா பண்ணப் போறீங்க? எந்த ஊர் சந்தைக்கு?"

அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. தராசில் ஏறுகிற பொருள் விற்கிற பொருள். இத்தனை வீசை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், கேட்கக் கூடாத காதில் அது விழுந்துவிடும். எமனே வந்து வாங்கிக்கொண்டு போவான். நர்ஸம்மா மூன்று மாதமாகச் சத்து, கிருமி, சுத்தம் என்று பேசியிருக்கிறார். ஒருத்தர்கூட இந்த விற்பனைப் பயத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. படித்தவர்களிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

அப்போது என் கை தவிட்டு மூட்டை மேல் இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பிறந்த பிள்ளைகள் வரிசையாகப் போய்விட்டால், அடுத்த பிள்ளையை முறத்தில் வைத்து, ஒரு பிடித் தவிட்டுக்கு வேறு ஒருத்தருக்கு விற்றுவிடுவார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை, விற்றாகிவிட்டது. தேடி வருகிறவன் ஏமாந்து போகட்டும். வாங்கினவர் அதே பிள்ளையை, எனக்காக வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே கொடுப்பார்.

மில் வேலைக்கு ஓடி வந்தவன் நான். ஆனால் மூளை ஓடுவதில் என்னை யாரும் முந்தினதில்லை. மூட்டையைப் பிரித்தேன். மரத்தாலான கால்படியை உள்ளே விட்டு அள்ளினேன்.

"யம்மாமாருங்களே, கேட்டுக்குங்க! உங்க புள்ளைங்கள நிறுக்க நான் வரல. வாங்க வந்துகீறேன். புள்ளைக்கு காப்படி தவுடு. வாங்கிட்டா அது எஞ்சரக்கு. எஞ்சரக்க நான் எந்தத் தராசுல போட்டா உங்களுக்கு இன்னா? நிறுத்துட்டு, வளத்துக் குடுங்கன்னு உங்ககிட்டயே குடுத்துட்டுப் போறேன்."

சூளைப் புகை மட்டும் எங்கள் மேல் கவிழ்ந்து போனது. கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒருத்தி பிள்ளையோடு முன்னால் வந்தாள். மூன்று பறிகொடுத்தவள் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள்தான் கன்னியம்மா.

"நெசமா வாங்கிக்கிறியா?"

"நெசமாத்தான்."

"வெளாட்டு இல்லியே?"

"தராசு மேல கைய வெச்சி சொல்றேன். வாங்கிட்டேன்."

அவள் முந்தானையை ஏந்தினாள். கால்படித் தவிட்டைப் போட்டேன். பிள்ளையை முறத்தில் வைத்துத் தட்டில் ஏற்றினேன். எதிர்த்தட்டில் அதே எடைக்கு இன்னொரு முறம், அப்புறம் எடைக்கல். நியாயம் நியாயமாக இருக்க வேண்டும். தவிடு மூக்கில் ஏறிப் பிள்ளை தும்மினது. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மற்றவர்களும் வரிசையில் வந்துவிட்டார்கள்.

வெயில் சாய்வதற்குள் அந்தச் சூளைப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நான் தகப்பன்.

திரும்பி வரும்போது நர்ஸம்மா கேட்டார். "இது மூடத்தனம் இல்லையா, தவிட்டுக்காரரே?"

"மூடத்தனந்தான். எட கெடச்சிதா இல்லியா?"

அவர் அட்டைகளை மடியில் அடுக்கிக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.

செவ்வாய்க்கிழமைகள்

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போனோம். போகப் போகத் தூரத்துச் சேக்காட்டிலிருந்துகூட ஆள் அனுப்பி, எங்கள் பக்கமும் வாருங்கள் என்றார்கள். என் தவிட்டுக்கு அவ்வளவு ராசி.

எடை இறங்கின பிள்ளைக்குப் பால் வேண்டும் என்பார் நர்ஸம்மா. அவருக்கு மேலே இருந்தவர்கள் அனுப்புவதாகச் சொன்ன பால் வந்து சேரவில்லை. நான் மாட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன்: செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு செம்பு பால் கொண்டுவந்து என் அண்டாவில் ஊற்றுகிறவனுக்குத்தான் அந்த வாரம் நல்ல தவிடு. ஊற்றாதவனுக்கு உமி கலந்தது. முதல் வாரம் பாதிப் பேர் தண்ணீரை ஊற்றினார்கள்.

"இன்னா நைனா, மாடு கெணத்துல வுழுந்துடிச்சா?" என்று ஒருத்தனை எல்லார் முன்னாலும் கேட்டேன். அடுத்த வாரத்திலிருந்து பால் பாலாக வந்தது.

மீனெண்ணெய் வாசனை இப்போதும் எனக்கு மறக்கவில்லை. ஒரு கரண்டி உள்ளே போனதும் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிற சுளிப்பு! கண் நோவு வந்த பிள்ளைகளுக்கு நர்ஸம்மா சொட்டு மருந்து விடுவார். நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். மூட்டையின் வாயைப் பிடித்துப் பழகின கை, பிள்ளைத் தலைக்கும் சரியாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் அந்தந்த வாரம் புதிதாகக் கால்படி கொடுத்து வாங்குவேன். நிறுத்தானதும் பெற்றவள் கையில் கொடுத்து, "வாங்கிட்டேன். வளத்துக் குடு தாயே" என்பேன். அவர்கள் "சரி மொதலாளி" என்பார்கள். தவிட்டைக் கொண்டுபோய்க் கோழிக்கும் ஆட்டுக்கும் போடுவார்கள்.

எனக்கு அது ஒரு உபாயம். பெரும்பாலான பெண்களுக்கும் அது பாதி விளையாட்டாகிவிட்டது. கன்னியம்மாவுக்கு மட்டும் அது விற்பனை. நெசமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். நான் வாயில் வந்த வேகத்தில் ஆமாம் என்று சொன்னேன். என் தப்பு அங்கேதான்.

பட்டம்மாவின் யோசனை

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். பிள்ளையைக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குத் தூக்கிப் போனேன். என் மனைவி பட்டம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான்கு பிள்ளை பெற்றவள்.

"நீங்க வெச்சிகீறது தவுட்டுக் கடையா, புள்ள மண்டியா?" என்றாள். சொல்லிக்கொண்டே பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கினாள். துணியைப் பிரித்துப் பார்த்தாள். வெந்நீர் வைத்தாள்.

நர்ஸம்மாவுக்கு ஆள் விட்டேன். வந்து பார்த்தார். வயிற்றுப்போக்கு. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். "மாட்டுப் பால் இப்போ இதுக்கு ஆகாது. தாய்ப்பால் இருந்தாத்தான் பிழைக்கும். அவளை வரச் சொல்லும்" என்றார்.

நான் சூளைக்கு ஓடினேன். கன்னியம்மா தலையில் எட்டுக் கல்லோடு வந்துகொண்டிருந்தாள். ரவிக்கை போடாத காலம். மார்புச் சேலை நனைந்திருந்தது. வேர்வை என்று நினைத்தேன். பால்.

"வந்து ஒரு வாய் பால் குடுத்துட்டுப் போம்மா."

"மாட்டேன்."

"செத்துடும் கன்னியம்மா."

"நான் குடுத்தாத்தான் சாவும். எம்பாலக் குடிச்ச மூணும் எங்க? நான் மாருல போட்டா எம்புள்ளன்னு தெரிஞ்சிடும். கண்டுபுடிச்சிடுவான்." கல்லை இறக்கவே இல்லை. அப்படியே நின்று பேசினாள். "கைய எட்து கும்புடறேன், போயிடு மொதலாளி. உன் ஊட்லயாவது கீது அது."

என் வாய்க்கு எதிரே நிற்க முடியாமல் போன வியாபாரிகள் எத்தனையோ பேர். அன்றைக்கு ஒரு சூளைக்காரி என்னைத் திருப்பி அனுப்பினாள். வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்து நடந்ததை என் யோசனை என்றுதான் இத்தனை காலமும் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பட்டம்மா அப்போதெல்லாம் பக்கத்தில் இருந்து மூக்கை உறிஞ்சுவாள், மறுத்துப் பேச மாட்டாள். இப்போது அவள் இல்லை. அது அவள் யோசனை.

"ஆள் வெச்சிக்கலாம்" என்றாள், கஞ்சித் தண்ணியைத் துணியில் தோய்த்துப் பிள்ளை வாயில் பிழிந்துகொண்டே.

"இன்னாத்துக்கு?"

"நம்ம புள்ளைக்கு பால் குடுக்க. பெரிய ஊட்லல்லாம் வெக்கறது இல்லியா? பால் கட்டிகினு நெஞ்சு வலியில துடிச்சிகினு ஒருத்தி கீறாளே சூளையில. புள்ளைய தவுட்டுக்கு வித்தவ. அவள கூலிக்கு வரச் சொல்லுங்க."

மறுபடியும் ஓடினேன். கல் அடுக்குகிற இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"கன்னியம்மா, எம்புள்ளைக்கு பால் குடுக்க ஒரு ஆள் வோணும். கூலி வேல. வரியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தலையிலிருந்த கல்லை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். சும்மாட்டைப் பிரித்து உதறினாள்.

"கூலி இன்னா குடுப்ப?"

"ரெண்டு வேள சோறு. தெனம் ஒரு படி நொய்."

"நொய்யில கல்லு கெடக்கக் கூடாது."

"என் கட நொய்யில கல்லா?" எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "இந்த ரோட்ல எவனாவது அப்புடி சொல்லிகீறானா?"

"அப்ப சரி" என்றாள். அப்புறம் ஓடினாள் பாருங்கள். குமணன்சாவடி வரைக்கும் என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை.

சின்ன முதலாளி

பிள்ளை பிழைத்தது. ஒரேயடியாக இல்லை. ஐந்தாறு நாள் இழுத்துப் பறித்துத்தான். அதற்கப்புறம் சூளைக் கூலிக்கு அவள் போகவில்லை. பகலில் என் கடை முற்றத்தில் தவிடு சலிப்பாள். பொழுது சாய்ந்தால் புருஷன் வந்து அவளைக் கூட்டிப்போவான். பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அவள் அதற்குப் பால் கொடுத்த விதம் இருக்கிறதே! மடியில் போட்டுக்கொள்வாள். முகத்தை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "குடிங்க சின்ன மொதலாளி. சீக்கிரம் குடிங்க. எனுக்கு வேல கீது" என்பாள், வேண்டுமென்றே பலமாக, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. யார் காதில் விழ வேண்டும் என்று அவள் நினைத்தாளோ அவன் காதிலும் விழுந்திருக்கும். ஒரு முத்தம் கிடையாது. ஒரு தாலாட்டு கிடையாது. வேலை முடிந்ததும் பட்டம்மா கையில் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாள்.

கடை போட்ட நாளிலிருந்து வாடிக்கையாக இருந்த ஒரு பெரியவர், "எந்தச் சேரிப் புள்ளய ஊட்டுக்குள்ள வெச்சிகீற?" என்று கேட்டார்.

"தவுட்டுக்கு வாங்கின புள்ளைக்கு வாங்கினவன் ஊடுதான் ஊடு" என்றேன். அவர் வேறு கடைக்குப் போனார். அவர் மாடு இளைத்ததுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமைகளில் மற்றப் பெண்களோடு கன்னியம்மாவும் வரிசையில் வந்து நின்று முந்தானை ஏந்துவாள். "எனுக்கும் காப்படி." பிள்ளை என் வீட்டில், வாராந்திர எடையும் கடையிலேயே பார்த்தாகிவிடும்; மறுபடியும் எதற்கு வாங்க வேண்டும்? ஆனாலும் முறை முறைதானே என்று போடுவேன். அவளுக்குக் கோழியும் இல்லை, ஆடும் இல்லை. அந்தத் தவிட்டை என்ன செய்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

பிள்ளை நடந்தான். பேசினான். பட்டம்மாவை அம்மா என்றான். வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிறதைக் கேட்டு, ஒருநாள் முற்றத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏ கன்னிம்மா! தண்ணி!" என்றான்.

என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சலிக்கிற சல்லடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள். இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து அவனுக்குக் கொடுத்தாள். "மெதுவா குடிங்க சின்ன மொதலாளி" என்றாள். குரல் மட்டும் அன்றைக்குப் பலமாக வரவில்லை.

பட்டம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

வறுத்த தவிடு

அடுத்த செவ்வாய்க்கிழமை. சூளை வேப்பமரம். நர்ஸம்மா அட்டைகளைப் பிரித்து வைத்திருந்தார். அன்றைக்குப் பட்டம்மாவும் பையனைத் தூக்கிக்கொண்டு வண்டியில் வந்தாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

கன்னியம்மா தலையில் ஒரு மூட்டையோடு வந்தாள். அவள் வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. வறுத்த தவிடு.

மூட்டையை என் காலடியில் இறக்கினாள். "மொதலாளி, நீ குடுத்தது அத்தினியும் இதுல கீது. ஒரு புடி தொடல. வண்டு வெக்கக் கூடாதுன்னு வாரா வாரம் வறுத்து வெச்சேன்." மூச்சு வாங்கினாள். "புள்ளய நான் வாங்கிக்கிறேன். சும்மா வோணாம். எடைக்கு எட."

நான் பட்டம்மாவைப் பார்த்தேன். அவள் பையனின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவனை என்னிடம் நீட்டினாள்.

முறத்தில் உட்கார வைத்தேன். இந்த வயசில் அவனுக்கு முறம் போதவில்லை. இரண்டு காலும் வெளியே தொங்கின. எதிர்த்தட்டில் ஒரு முறம். அதன் மேல் அவள் மூட்டை. அவள் சாக்கின் எடைக்கு ஒரு காலிச் சாக்கைப் பையன் பக்கம் போட்டேன். நியாயம் நியாயமாக இருக்க வேண்டும்.

கையை எடுத்தேன். பையன் பக்கம் தாழ்ந்தது. மூட்டை மேலே ஏறி நின்றது.

தவிட்டை வறுத்தால் வண்டு வராது. ஆனால் எடை போய்விடும். இது தவிடு விற்கிற எவனுக்கும் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? கெடக் கூடாது என்று வாரம் தவறாமல் வறுத்தாள். வறுத்ததில்தான் குறைந்துபோனது.

கன்னியம்மா முந்தானையை உதறினாள். முடிச்சு ஒன்றை அவிழ்த்து, அதில் ஒட்டியிருந்த தூளையும் மூட்டை மேல் தட்டினாள். தட்டு அசையவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் பங்குத் தவிட்டைக் கொண்டுவந்தார்கள்.

"இந்தா, இதையும் போடுடி."

"வோணாம்க்கா. உங்க தவுடு உங்க புள்ளைக்கு. கலந்துடக் கூடாது."

அவள் மூட்டையின் வாயைக் கட்டப் போனாள். "இன்னும் நாலு வாரம் ஆவட்டும் மொதலாளி" என்றாள். முறத்தில் இருந்தவனைப் பார்த்தாள். பாலைக் கொடுக்கும்போதெல்லாம் திருப்பிக்கொண்ட முகம், அன்றைக்குத்தான் அவன் பக்கம் நேராக நின்றது. திடீரென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. "நாலு வாரத்துல இவன் இன்னும் இல்ல கனத்துடுவான்!"

"இரு, இரு" என்றேன். "தவுடு அமுங்கல. அமுங்கினாத்தான் எட சரியா நிக்கும்."

மூட்டையை இரண்டு தட்டுத் தட்டினேன். தட்டினவன் கையை எடுக்கவில்லை. கட்டைவிரல் தட்டின் ஓரத்தில் நின்றது.

தட்டு இறங்கினது. முள் நேராக நின்றது.

"பாத்துக்க" என்றேன். "சரியா கீது. உம்புள்ளய எட்துகினு போ."

நர்ஸம்மாவின் கண் என் விரலில் இருந்தது. அப்புறம் அவர் ரோட்டில் ஏதோ பஸ் வருகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஒன்றும் வரவில்லை.

கன்னியம்மா அவனைத் தூக்கினாள். உச்சியில் மூக்கை வைத்து அழுத்தினாள். அவன் பட்டம்மா பக்கம் கையை நீட்டி அழுதான். "வாடா, எம்புள்ள" என்றாள். இந்தத் தடவை பலமாக. யார் கேட்டாலும் கேட்கட்டும் என்கிற மாதிரி. பட்டம்மா அருகில் போய், "பசிச்சா பொறங்கையக் கடிப்பான். அடிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

நர்ஸம்மா பேனாவை எடுத்தார். "தவிட்டுக்காரரே, பையன் எடை?"

நான் தராசைக் கழற்றுகிற வேலையில் இருந்தேன். அவர் மறுபடியும் கேட்கவில்லை.

அந்த அட்டைகளில் சிலவற்றை நர்ஸம்மா மாற்றலாகிப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. சந்தேகப்பட்ட வாசகர் குமணன்சாவடிக்கு வந்தால் காட்டுகிறேன். இருக்கிற அட்டைகளில் எல்லாச் செவ்வாய்க்கிழமைக்கும் எடை இருக்கும். ஒரே ஒரு கட்டம்தான் காலி.